பெண்களுக்கு இடம் விடாத பிளான்

மராமத்து ஆபீஸில் என் மேஜைக்கு எதிர்மேஜை பிச்சுமணி ஐயருடையது. பதினேழு வருஷம் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே நான் பைல் எழுதினேன். என் வீட்டுக்காரியின் முகத்தைக்கூட அவ்வளவு நேரம் பார்த்திருக்க மாட்டேன். அவர் டிராப்ட்ஸ்மேன், பிளான் வரைகிறவர். நான் சிவதாணு, ரிக்கார்டு குமாஸ்தா. அவர் வரைந்ததைச் சுருட்டி, நம்பர் எழுதி, அலமாரியில் அடுக்குவது என் வேலை. திருவனந்தபுரத்தில் எந்த ரோடு எந்த வளைவில் எத்தனை அடி அகலம் என்று கேட்டால், சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் சொல்லிவிட்டுத்தான் அடுத்த கவளத்தை எடுப்பார்.

ஒரு வார்த்தையை மட்டும் அவரிடம் சொல்லக்கூடாது. 'சுமார்' என்ற வார்த்தை. ஓவர்சியர் யாராவது வாய் தவறி, "சுமார் இருபதடி இருக்கும் சாமி" என்று சொல்லிவிட்டால், டேப்பை எடுத்து அவர் முன்னால் வைத்து, "போய் அளந்துண்டு வாரும்" என்பார். மத்தியான வெயிலில் அந்த ஆளும் மறுபடி நடப்பான். எனக்கே பல தடவை எரிச்சலாக வந்திருக்கிறது.

அப்பேர்ப்பட்ட மனுஷருக்கு ஊரில் ஒரே ஒரு இடம் தெரியாது. அவர் பெற்ற பெண்ணைப் புதைத்த இடம்.

கொல்லம் வருஷம் ஆயிரத்துத் தொண்ணூற்றொன்பது மேட மாசத்தில் அந்தக் குழந்தை போயிற்று. சூடாமணி என்று பேர் வைத்திருந்தார்கள். எட்டு மாசம். அத்தனை சின்னக் குழந்தையை அவர்கள் எரிப்பதில்லை; புதைப்பதுதான் வழக்கம். விடிந்தும் விடியாமலும் பிச்சுமணி ஐயரும் அவர் தமையனாரும் ஒரு சாஸ்திரியும் குழந்தையைக் கையில் எடுத்துக்கொண்டு கரமனையாற்றுக்குப் போனார்கள். பெண்கள் யாரும் போகவில்லை. போகிற வழக்கமே இல்லை. குழந்தையின் தாயார் வாலாம்பாள் கோட்டைக்குள் தெருவிலிருந்த வீட்டின் உள்ளறையில் உட்கார்ந்திருந்தாள். திரும்பி வந்தவரிடம், எங்கே வைத்தீர்கள் என்று கேட்டாள். ஆற்றங்கரையில் என்றார். ஆற்றங்கரையில் எங்கே என்றாள். அதெல்லாம் கேட்கக்கூடாது என்றார். அந்த அம்மாள் பிறகு கேட்கவில்லை. இன்னொரு குழந்தையும் பிறக்கவில்லை. எட்டு வருஷம் அப்படியே போய்விட்டது.

இது எனக்கு அப்போது தெரியாது. ராஜையன் எங்கள் ஆபீஸ் படி ஏறி வராமலிருந்தால் எப்போதும் தெரிந்திருக்காது.

ராஜையனுக்குச் சாலைக் கம்போளத்தில் இரும்புக்கடை. கீல், தாழ்ப்பாள், ஆணி எல்லாம் மராமத்துக்கு அங்கிருந்துதான் வரும். தெற்கே எல்லைப்பக்கத்திலிருந்து வந்து குடியேறிய வேதக்காரர். தமிழ்க் கிறிஸ்தவச் சபையில் பெரிய ஆள், ஆனால் பேச்சில் அது தெரியாது. ஆயிரத்து நூற்றேழு துலாம் மாசம் ஒரு நாள் வந்து பிச்சுமணி ஐயர் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டே பேசினார்.

"சாமி, போன எடவத்திலே எங்க லீலாபாய் போனா இல்லியா? அடக்கத்தன்னைக்கு நல்ல மழை. போதகர் வேதபுஸ்தகத்தைக் குடைக்குள்ளே வச்சுப் படிச்சாரு. ஒரு எழுத்து எனக்குக் கேக்கல்ல. பெட்டிக்குள்ளே வெள்ளம் எறங்கிச்சு. இனி எங்க ஆளுவளுக்கு அப்படி வராண்டாம். கல்லறைத் தோட்டத்திலே சின்னதா ஒரு ஜெபவீடு கட்டணும். பெட்டியை எறக்கி வச்சு ஜெபம் பண்ண ஒரு எடம், அவ்வளவுதான். நீங்கதான் வரைஞ்சு தரணும்."

"நான் அதெல்லாம் கண்டதேயில்லையே ராஜையன்" என்றார் இவர்.

"நாலு சுவரு, ஒரு கூரை. இதுலே காணதுக்கு என்னா இருக்கு?"

பெண்டாட்டியை இழந்தவர் கண் கலங்கி நிற்கும்போது முடியாது என்று சொல்ல இவருக்கு வாய் வரவில்லை. சரி என்றுவிட்டார். அப்போது தொடங்கியது குழப்பம்.

நேமம் ரோட்டில் ஒரு மேட்டுநிலம்தான் அந்தக் கல்லறைத் தோட்டம். ஒரு சாயங்காலம் போய் அளந்துவிட்டு, வழியில் கரமனையில் இறங்கிக் குளித்துவிட்டு, ஈர வேஷ்டியோடு வீட்டுக்குப் போனார். ஆபீஸ் வேலை முடிந்த பிறகு தினம் ஒரு மணிநேரம் உட்கார்ந்து வரைந்தார். சபையில் எத்தனை குடும்பம் என்று உபதேசியாரிடம் கேட்டு எழுதி வாங்கினார். அறுபத்திரண்டு. வீட்டுக்கு ஓர் ஆண்பிள்ளை வந்தாலே அதிகம், சில வீடுகளிலிருந்து வரவும் மாட்டார்கள், ஆகையால் நாற்பது பேருக்கு இடம் போதும் என்று தீர்மானித்தார். இருபதடிக்குப் பதினைந்தடியில் அறை. வெட்டுக்கல் சுவர், மங்களூர் ஓடு. முன்னால் ஒரு கதவு, பின்னால் கல்லறைப் பக்கம் ஒரு கதவு. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

பிளானை விரித்தபோது ராஜையன் வெகுநேரம் பார்த்தார். பிறகு வாசலருகே ஒரு நீளக் கட்டத்தின்மேல் விரலை வைத்தார்.

"இது என்னா சாமி?"

"குளிக்கிற இடம். கிணறும் கல்தளமும்."

"ஆரு குளிக்க?"

"எல்லாரும்தான்."

ராஜையன் என்னைப் பார்த்தார். நான் பைலைப் பார்த்தேன். "செத்தவரை நாங்க வீட்டிலேயே குளிப்பாட்டிருவோமே சாமி" என்றார் தயங்கித் தயங்கி.

"செத்தவாளுக்கு இல்லேங்காணும். இருக்கிறவாளுக்கு. தீட்டோடயா அவா அவா ஆத்துக்குப் போவா?"

ராஜையனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனாலும் நல்ல மனுஷர். "கெடக்கட்டும் சாமி, காலு கழுவலாம்" என்று சொல்லி, விரலை ஜன்னலுக்கு நகர்த்தினார். "ஜன்னல் இம்புட்டு மேலே இருக்கே?"

"ஏழடி. காத்தும் வெளிச்சமும் வரும், குழி கண்ணிலே படாது. போனவாளைத் திரும்பிப் பார்க்கப்படாது, இல்லையா?"

"எங்களுக்கு அப்படி ஒண்ணும் கெடையாதே" என்று ராஜையன் முணுமுணுத்தார். பிச்சுமணி ஐயர் பென்சில் சீவிக்கொண்டிருந்தார், காதில் விழவில்லை. பெண்கள் எங்கே நிற்பார்கள் என்று இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை. பெண்கள் வரமாட்டார்கள் என்பது இவருக்குத் தெரிந்த விஷயம். வருவார்கள் என்பது அவருக்குத் தெரிந்த விஷயம். தெரிந்த விஷயத்தை யார் கேட்பார்கள்?

மகர மாசத்தில் சுவர் ஜன்னலுக்கு மேலே எழும்பிவிட்டது. கூரை மட்டும் பாக்கி. ஒரு சனிக்கிழமை மத்தியானம் வேலையைப் பார்க்கப் போனார், துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டார். நாங்கள் போய்ச் சேர்ந்த நேரம், ரோட்டில் ஓர் அடக்கம் வந்துகொண்டிருந்தது. ராஜையன் கடையில் எடை போடுகிற தங்கப்பனின் குழந்தை. ஒரு வயசு நிரம்பவில்லை, காய்ச்சல். பெட்டியைத் தங்கப்பனே இரண்டு கையிலும் ஏந்தி வந்தான். வேறு ஆள் தூக்க வேண்டிய அளவே இல்லை அது. நாங்கள் ஒரு கொல்லாமரத்தடியில் ஒதுங்கி நின்றோம்.

பின்னால் ஆண்கள் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் வெள்ளை உடுத்த பெண்கள் வந்தார்கள். வந்துகொண்டே இருந்தார்கள்.

"கேட்டண்டை நின்னுடுவா" என்றார் பிச்சுமணி ஐயர்.

நிற்கவில்லை.

"அந்தத் திருப்பத்திலே நின்னுடுவா."

அங்கேயும் நிற்கவில்லை. இவர் உதடு அசைந்துகொண்டிருந்தது. எண்ணுகிறார் என்று எனக்குத் தெரியும், கைப்பழக்கம். முப்பத்தொரு ஆண்கள், ஐம்பத்தெட்டுப் பெண்கள். "இவா எதுக்கு வரா தாணு?" என்று என்னிடம் கேட்டார். நாஞ்சில்நாட்டு வெள்ளாளனிடம் கேட்டால் எனக்கு என்ன தெரியும்? எங்கள் வீட்டுப் பெண்களும் சுடுகாட்டுக்குப் போவதில்லை.

பெட்டியும் போதகரும் ஆண்களும் கூரையில்லாத ஜெபவீட்டுக்குள் போனதுமே அறை நிறைந்துவிட்டது. பெண்களில் பத்துப் பன்னிரண்டு பேர் நெருக்கியடித்து நுழைந்தார்கள், வாசல் அடைத்துக்கொண்டது. மற்றவர்கள் வெயிலில் நின்றார்கள். அந்த நெரிசலில் குழந்தையின் தாயார் எலிசாளை யாரும் கவனிக்கவில்லை. அவளும் வெளியே மாட்டிக்கொண்டாள். உள்ளே பாட்டுத் தொடங்கிவிட்டது. அவள் சுவரைத் தடவிக்கொண்டே பக்கவாட்டில் வந்தாள். ஜன்னலுக்குக் கீழே வந்து அண்ணாந்து பார்த்தாள். ஏழடி. கை மட்டும் எட்டியது.

சுசீலாபாய் என்று ஒரு அம்மாள், கொத்தனார்கள் போட்டிருந்த வெட்டுக்கல்லில் மூன்றை உருட்டிக்கொண்டு வந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். எலிசாள் அதன்மேல் ஏறி, ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, எம்பி எம்பி உள்ளே பார்த்தாள். இரண்டு பெண்கள் அவள் இடுப்பைத் தாங்கிக்கொண்டார்கள். எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிச்சுமணி ஐயர் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அந்த ஜன்னல் நான் வெச்சது" என்றார்.

பிறகு குழியருகே எல்லாரும் போனார்கள். எலிசாள்தான் முதலில் மண் எடுத்துப் போட்டாள்.

திரும்பி வரும்போது கரமனையில் குளிக்க இறங்கினார். வழக்கமாக மூன்று முழுக்கு. அன்றைக்கு முழுகவும் இல்லை, ஏறவும் இல்லை, மார்பளவு தண்ணீரில் கரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கூப்பிட்ட பிறகுதான் கரையேறினார். வண்டியில் வரும்போது சூடாமணியின் கதையைச் சொன்னார். பதினேழு வருஷத்தில் எட்டாவது வருஷம் அது; அதுவரை அந்தப் பேரை நான் கேட்டதில்லை. எனக்கு அவர்மேல் கோபம்கூட வந்தது.

அன்று வீட்டில் நடந்ததைப் பிறகு அவரே சொன்னார். வாலாம்பாள் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாளாம். இவர் சும்மா இருக்க முடியாமல், பொம்மனாட்டிகளெல்லாம் வந்திருந்தார்கள் என்று சொல்லியிருக்கிறார்.

"குழந்தையோட அம்மா?"

"வந்தா."

"குழியண்டை போனாளா?"

"போனா. கையாலே மண் போட்டா."

அந்த அம்மாள் வாழைக்காயை நறுக்கி முடித்து, தண்ணீரில் போட்டு, அரிவாள்மணையைச் சுவரில் சாய்த்து வைத்தாள். "நம்ம சூடாமணியை எங்கே வெச்சேள்?" என்றாள்.

"ஆத்தங்கரையிலே."

"அது அன்னிக்கே சொல்லிட்டேள். ஆத்தங்கரையிலே எங்கே?"

"எனக்கு ஓர்மையில்லே, வாலாம்."

"ஊரிலே இருக்கிற பாலமெல்லாம் ஓர்மை இருக்கு" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன் தாணு, சாதாரணமாகச் சொன்னாள் என்றார் என்னிடம்.

திங்கட்கிழமை ஆபீஸுக்கு வந்ததும் வராததுமாக, "தொண்ணூத்தொன்பது வெள்ளத்துக்கு முன்னாலே கரமனையிலே இருந்த வெள்ளக்கல்லோட பிளான் வேணும்" என்றார். ஆற்றில் தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க அடி எழுதி நட்டிருக்கும் கல் அது. அந்த வருஷம் கர்க்கடகத்து வெள்ளம் கல்லையும் கொண்டுபோயிற்று, கரையிலும் பாதியைக் கொண்டுபோயிற்று. ஆபீஸ் வேறு கல்லை வேறு இடத்தில் நட்டது. பழைய கல் எதற்கு என்று நான் கேட்டதற்குத்தான் மீதியைச் சொன்னார்.

அன்று குழியை மூடியானதும் சாஸ்திரி இவர் தோளைப் பிடித்து இரண்டு மூன்று தரம் திருப்பி, "திரும்பிப் பார்க்காமல் போங்கோ" என்றாராம். பனிமூட்டம். இவர் தலையைக் குனிந்துகொண்டு நடந்திருக்கிறார். மனசு எங்கேயோ இருந்தாலும் கால் எண்ணியிருக்கிறது. பன்னிரண்டாவது எட்டில் முழங்கால் வெள்ளக்கல்லில் மோதியது. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தமையனாரும் அதே பனிமூட்டத்தில் திரும்பிப் பார்க்காமல் நடந்தவர்தான்; சாஸ்திரி இப்போது உயிரோடு இல்லை.

பிளான் அகப்பட்டது. அவர் கையால் வரைந்ததேதான். படித்துறையின் மேற்கு மூலையிலிருந்து எண்பத்துநாலு அடியில் கல் என்று போட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அளவுச் சங்கிலியை எடுத்துக்கொண்டு போனோம். ஒரு முனையை நான் பிடித்தேன், மறுமுனையை அவர் பிடித்தார். படித்துறை மூலையிலிருந்து எண்பத்துநாலு அடி அளந்து ஒரு முளை அடித்தோம். கும்பமாசம், ஆறு மெலிந்து கிடந்தது. அப்படியும் முளைக்கும் தண்ணீருக்கும் பத்தடிதான் தூரம்.

"இங்கேதான் கல்லு. இனி எந்தப் பக்கமிருந்து வந்தீங்க சாமி?"

கிழக்கே பன்னிரண்டு எட்டு போய், கண்ணை மூடிக்கொண்டு முளையைப் பார்த்து நடந்து வந்தார். "இப்படித்தான் வந்தேன்" என்றார். பிறகு வடக்கே போய் அதேபோல நடந்து வந்தார். "இல்லே, இப்படிப் போல இருக்கு." பிறகு மறுபடி கிழக்கே. துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள், ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். குடுமி அவிழ்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, ஆற்றங்கரையில் பெரிய மனுஷர் ஒருவர் எட்டுத் திசையிலிருந்தும் நடந்து வந்தால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

"தூரம் தெரியறது தாணு. திக்குத் தெரியலை."

"சாமி, நான் ஒண்ணு சொல்லட்டுமா? அந்தப் பூவரசுக்குக் கீழே ஒரு புள்ளி வையுங்க. இதுதான் எடம்னு அம்மாகிட்டே சொல்லிருங்க. நிழலா இருக்கு, நல்ல எடம். ஆருக்குத் தெரியப்போகுது? அவங்க மனசு ஆறட்டும்."

அவர் பூவரசைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

அந்த வாரம் முழுக்க அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ராஜையன் புதன்கிழமை வந்தார். கொத்தனார்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள், கூரையை ஏற்றலாமா என்று கேட்டார்.

"ஏத்தவேண்டாம். உங்க பொம்மனாட்டிகளை நான் கணக்கிலேயே எடுக்கலை ராஜையன். பிசகு என் பேரிலேதான்."

"நானும் சொல்லல்லியே சாமி" என்றார் ராஜையன். எலிசாள் ஏறி நின்ற கல்லை அவரும் பார்த்திருக்கிறார். கொத்தனார்களை நிறுத்தப் போய்விட்டார்.

வியாழக்கிழமை மேஜைமேல் ஒரு பிளான் இருந்தது. கரமனையாறு, படித்துறை, பூவரசு எல்லாம் ஊசிமுனைக் கோட்டில் வரைந்திருந்தார். பூவரசடியில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து ரப்பரால் அழித்த தடம் இருந்தது. வெள்ளக்கல் இருந்த இடத்தை நடுவாக வைத்து, பன்னிரண்டு எட்டுக்கு முப்பதடி என்று அந்த ஆரத்தில் புள்ளி புள்ளியாக ஒரு வட்டம். வட்டத்தில் பாதிக்கும் கொஞ்சம் குறைவு ஆற்றுக்குள் இருந்தது. ஓரத்தில் தமிழில் அழகாக எழுதியிருந்தார்: 'சூடாமணி. இந்த வட்டத்தில் எங்கேயோ, சுமார்.' அந்தக் கடைசி வார்த்தையை அவர் கையெழுத்தில் அன்றுதான் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் அதை வாலாம்பாள் கையில் கொடுத்தார். அந்த அம்மாளுக்கு நன்றாகப் படிக்கத் தெரியும். விளக்கடியில் வைத்துப் படித்தாள்.

"இவ்வளவு பெரிய வட்டமா?"

"திக்குத் தெரியலை."

"ஒரு புள்ளி வெச்சிருக்கலாமே. எனக்கென்ன தெரியப்போறது?"

"தாணுவும் அதைத்தான் சொன்னார். பென்சிலாலே வெச்சும் பார்த்தேன்."

"பின்னே ஏன் அழிச்சேள்?"

"பொய்யான இடத்திலே நீ அழப்படாது, வாலாம்."

அந்த அம்மாள் பிளானை மடிக்காமல் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள். "அந்த ஜெபவீட்டு ஜன்னலை என்ன பண்ணப்போறேள்?" என்று கேட்டாள். கீழே இறக்கப்போகிறேன் என்றார். எவ்வளவு என்றாள். அதுதான் தெரியவில்லை, அவர்கள் வீட்டுப் பெண்கள் பாயில்தான் உட்காருவார்கள் என்றார். வாலாம்பாள் எழுந்துபோய்ப் பாயை எடுத்து வந்து விரித்து, சுவரோரமாக உட்கார்ந்தாள். "அளந்துக்கோங்கோ" என்றாள். இவர் டேப்பை எடுத்துத் தரையிலிருந்து அவள் கண்வரை அளந்தார். இரண்டடி நாலங்குலம். அளக்கும்போது கண் நிறைந்திருந்தது, ஆனாலும் இமைக்காமல் இருந்தாள் தாணு, அளவு பிசகக்கூடாது என்று இருந்தாள் என்று என்னிடம் சொன்னார்.

மறுநாளே புதுப் பிளானை ராஜையனுக்குக் கொடுத்தார். முன்சுவரைப் பன்னிரண்டு அடி தள்ளிப் போட்டு, இரண்டு பக்கமும் சாய்ப்பு இறக்கி, கதவை இரட்டைக் கதவாக்கி, ஜன்னல்களைத் தரையிலிருந்து இரண்டடியில் தொடங்கியிருந்தார். கல்லறைப் பக்கம் நாலு ஜன்னல். குளிக்கிற இடத்தை மட்டும் எடுக்கவில்லை. அதை எடுக்க அவருக்கு மனசு வரவில்லை, ராஜையனும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாலாம்பாளை வில்வண்டியில் ஆற்றுக்குக் கூட்டிவந்தார். வழக்கமில்லாத காரியம். தமையனார் என்ன சொல்லுவார், தெருவில் என்ன பேசுவார்கள் என்று எனக்கே திகிலாக இருந்தது. "குளிச்சாப் போச்சு" என்று சொல்லிவிட்டாளாம் அந்த அம்மாள். நான் முளையை இன்னொரு தரம் அடித்து இறுக்கி, முப்பதடிக் கயிற்றைக் கட்டிக் கொடுத்துவிட்டு, படித்துறையில் போய் நின்றுகொண்டேன்.

வட்டம் எங்கே வருகிறது என்று காட்டுவதற்காகத்தான் கயிறு. பிச்சுமணி ஐயர் அதன் முனையைப் பிடித்துக்கொண்டு நடக்கப்போனார். அந்த அம்மாள் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

"நீங்க நடுவிலே இருங்கோ."

அவர் முளையருகே குந்தி உட்கார்ந்து கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வாலாம்பாள் பூவரசடியில் தொடங்கினாள். கயிறு தொய்யாமல், ஒவ்வொரு அடியும் முன் அடியை ஒட்டி வைத்து நடந்தாள். அவள் நகர நகர இவரும் உட்கார்ந்தபடியே திரும்பினார். துவைக்கிற பெண்கள் இன்றைக்குச் சிரிக்கவில்லை. கரை முடிந்து தண்ணீர் வந்தது. அங்கே நிற்பாள் என்றுதான் நானும் நினைத்தேன், அவரும் நினைத்தார்.

"மதி வாலாம், போதும். அதுக்கப்புறம் ஆறு."

"பாக்கி வட்டம் உள்ளேதானே இருக்கு?"

"ஆழம் வரும்."

"பிடிச்சுக்கோங்கோ" என்று சொல்லிவிட்டுப் புடவையைச் செருகிக்கொண்டு இறங்கினாள். கணுக்கால், முழங்கால், பிறகு இடுப்பு. தண்ணீர் இழுத்தது. கயிறு விறைத்து நின்றது. உள்ளங்கை சிவக்கச் சிவக்க அவர் பிடித்துக்கொண்டிருந்தார், கண்ணை ஒருதரம்கூட அவள்மேலிருந்து எடுக்கவில்லை. அவள் அவசரப்படவில்லை. மணலில் காலை ஊன்றி ஊன்றி, வட்டத்தின் மறுபக்கம் கரையேறி, பூவரசடிக்கு வந்து, தொடங்கிய இடத்தில் நின்றாள்.

உடம்பெல்லாம் நீர் சொட்டச் சொட்ட அவரைப் பார்த்துக் கேட்டாள்.

"எங்கேயோ ஒரு இடத்திலே அவ பக்கத்திலே வந்திருப்பேன், இல்லையா?"

அவர் முளையைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், வட்டம் முழுக்க ஒருதரம் கண்ணால் சுற்றி வந்தார்.

"நிச்சயமா வந்திருக்கே" என்றார்.

பிச்சுமணி ஐயர் நிச்சயம் என்று சொன்னால் அளந்து பார்த்துவிட்டுத்தான் சொல்லுவார்.